மாஸ்டர் மறைந்த பிறகு போர்டில் எந்தப் பெயர்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோஜு-ரியூ கராத்தே சொல்லிக்கொடுத்த எங்கள் மாஸ்டர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவரிடம் இருபத்திரண்டு வருடம் கற்றவன் நான், நான்காம் டான் (பிளாக் பெல்ட்டில் நான்காம் படி). அவர் உடம்பு சரியில்லாமல் இருந்த கடைசி ஐந்து வருடமும் காலை, மாலை வகுப்பு இரண்டையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கு மாஸ்டரின் பெயர்தான். அதன் பின்னால் 'கோஜு-ரியூ கராத்தே பள்ளி' என்று வரும். போன வாரம் அவருடைய மகனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பள்ளியின் பெயரையும் 'கோஜு-ரியூ' என்ற சொல்லையும் நான் பயன்படுத்தக் கூடாதாம். மாஸ்டரின் மாணவன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம். மாஸ்டர் மறைந்த பிறகு நான் கொடுத்த பெல்ட் எதுவும் செல்லாதாம். பதினைந்து நாளில் பதில் வேண்டுமாம். இதற்கிடையில் எனக்கு சீனியரான இன்னொருவர் கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் அமைப்பு ஒன்றில் நேரடியாகச் சேர்ந்துகொண்டு, 'உண்மையான வழி என்னுடையது, மற்றதெல்லாம் போலி' என்று சொல்லி வருகிறார். என்னிடம் 140 பிள்ளைகள் கற்கிறார்கள். பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? நானே முந்திக்கொண்டு வழக்குப் போடலாமா?

பதில்: நோட்டீஸில் நான்கு சங்கதிகளை ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். பள்ளியின் பெயரில் மகனுக்கு வலு இருக்கிறது. பெல்ட் விஷயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 'கோஜு-ரியூ' என்ற சொல்லிலும், நீங்கள் யாருடைய மாணவர் என்பதிலும் அவருக்கு ஒன்றுமே இல்லை. கோபத்தில் நான்கையும் மொத்தமாக மறுத்து எழுதிவிடாதீர்கள். முதல் விஷயத்தில் நீங்கள் சொன்னது நிற்காமல் போனால் மற்ற மூன்றில் சொல்வதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார்.

பதினைந்து நாள் என்பது அந்த வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததில்லை. ஆனாலும் அதற்குள் பதில் போய்விடட்டும். பதிலோடு கூடவே ஒரு கேவியட் மனுவும் போடச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமலே ஒருதலையாக இடைக்காலத் தடை வாங்குவதுதான் இந்த மாதிரி வழக்குகளில் முதல் அடி. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின் கீழ் கேவியட் போட்டால், தடை கேட்டு மனு வரும்போது உங்களுக்கும் தகவல் தர வேண்டும். அது 90 நாள்தான் உயிரோடு இருக்கும். தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டும். அதன் நகலை மகனுக்குப் பதிவுத் தபாலில் (இப்போது பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில்) அனுப்ப வேண்டும். மகன் இருப்பது வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒன்று போட்டுவைப்பது நல்லது.

அதே நாளில் வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவேட்டின் இணையத் தேடலைப் பாருங்கள், கட்டணம் இல்லை. பயிற்சி, கல்வி, விளையாட்டு எல்லாம் 41-ஆம் வகுப்பில் வரும். சீருடை, டி-ஷர்ட் 25-இல். பள்ளியின் பெயரை அப்படியே தேடுவதோடு நிற்காமல் ஒலி ஒப்புமை முறையிலும் தேடுங்கள். கோஜுரியூ, கோஜு ரியு என்று ஆளுக்கு ஆள் எழுத்துக்கூட்டுவார்கள். நோட்டீஸில் ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்து 'எங்கள் பதிவு பெற்ற குறி' என்று எழுதியிருந்தால் அந்த எண்ணின் நிலையைப் பாருங்கள். அது வெறும் விண்ணப்ப எண்ணாகவே இருக்கலாம். விண்ணப்பம் போட்ட அன்றே எண் கிடைத்துவிடும். உரிமை கிடைப்பதற்கு இடையில் ஆய்வு, இதழில் வெளியீடு, ஆட்சேபம் என்று பல படிகள் உண்டு. குறி இதழில் வெளிவந்திருந்தால், வெளியான தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இணையவழி என்றால் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். நான்கு மாதம் கடந்தால் கடந்ததுதான், நீட்டித்துத் தர மாட்டார்கள்.

இனி 'கோஜு-ரியூ'. இந்தச் சொல் பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டாலே நோட்டீஸின் இரண்டாவது கோரிக்கை எவ்வளவு பலவீனம் என்று புரியும். ஒகினாவாவின் நாஹா நகரத்தில் ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915) சொல்லிக்கொடுத்ததை நாஹா-தே, அதாவது நாஹாவின் கை என்றே ஊர் சொன்னது. அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888–1953). 1930-இல் டோக்கியோவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் மியாகியின் மாணவர் ஷின்சாட்டோ ஜின்ஆன் கட்டா (வரிசையாக அமைத்த அசைவுகளின் தொகுப்பு) செய்துகாட்ட, 'இது எந்தப் பாணி?' என்று கேட்டார்களாம். சொல்ல அவரிடம் பெயர் இல்லை. ஊருக்குத் திரும்பி மாஸ்டரிடம் சொன்ன பிறகுதான், புபிஷி என்ற பழைய சுவடியில் மூச்சை விழுங்குவதையும் விடுவதையும் வன்மை, மென்மை என்று சொல்லும் வரியிலிருந்து கோ, ஜு என்ற இரண்டு எழுத்துகளை மியாகி எடுத்தார் என்பது கோஜு வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. 1933-இல் அது ஜப்பானின் தற்காப்புக் கலை அமைப்பான புடோகுகாயில் பதிவானது. படிவத்தில் ஒரு காலிக் கட்டத்தை நிரப்பப் பிறந்த பெயர் என்றே சொல்லலாம்.

அதே ஹிகாவோன்னாவிடம் கற்ற இன்னொருவர் கியோதா ஜுஹாட்சு. அவர் தன் வழிக்கு டோவோன்-ரியூ என்று பெயர் வைத்தார். ஆசிரியரின் குடும்பப் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளை வேறு விதமாக உச்சரித்தால் வருவது அது. ஒரே ஆசான், இரண்டு மாணவர், இரண்டு பெயர். ஒருவர் மற்றவரை அழைத்து 'நீ ஏன் அந்தப் பெயரை வைக்கவில்லை' என்று சண்டைக்குப் போகவில்லை. மபுனி கென்வா (1889–1952) தன் இரண்டு ஆசிரியர்களான இதோசு, ஹிகாவோன்னா ஆகியோரின் பெயர்களிலிருந்து ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்து ஷிடோ-ரியூ என்றார். அவர் மறைந்த பிறகு மகன்கள் கென்எய், கென்சோ இருவருமே தனித்தனி அமைப்புகளுக்குத் தலைமை வகித்தார்கள்; இரண்டு அமைப்பிலும் ஷிடோ-ரியூதான் கற்றுத்தரப்பட்டது.

சட்டத்தின் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் 9(1) பிரிவு, ஒரு சேவையின் வகையைச் சொல்லும் சொல்லையும், அந்தத் தொழிலில் எல்லாரும் வழக்கமாகப் புழங்கும் சொல்லையும் ஒருவரின் தனிக் குறியாகப் பதிய விடுவதில்லை. கோஜு-ரியூ என்பது கராத்தேயின் ஒரு வகை. பரதநாட்டியம் கற்றுத்தரும் பள்ளி 'பரதநாட்டியம்' என்ற சொல்லுக்குச் சொந்தம் கொண்டாட முடியாதது போலத்தான். பள்ளியின் முழுப் பெயரையும் மகன் பதிவு செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 17-ஆம் பிரிவின்படி அந்தப் பெயருக்குள் இருக்கும் பொதுச் சொல்லுக்குத் தனி உரிமை வராது. நீங்கள் கற்றுத்தருவது எது என்று சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதை 30(2)(ஏ) பிரிவு அனுமதிக்கிறது.

கட்டாவுக்கும் அப்படியே. 2014 ஜனவரியில் பிராணிக் ஹீலிங் என்ற குணப்படுத்தும் முறை பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு முறையைச் செய்வதையும் சொல்லிக்கொடுப்பதையும் பதிப்புரிமை என்று சொல்லித் தடுக்க முடியாது, அந்த முறையின் பெயரும் ஒருவருக்கே சொந்தமான குறியாகாது என்ற பார்வையை எடுத்தது. ஆகவே சாஞ்சின், டென்ஷோ தொடங்கி சுபரின்பெய் வரை எல்லாக் கட்டாக்களையும் நீங்கள் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மாஸ்டர் தன் கையால் எழுதி அச்சிட்ட பாடப் புத்தகம், அவர் வரைந்த சின்னம் இரண்டும் வேறு கணக்கு. அவற்றின் பதிப்புரிமை அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும். புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு மாணவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெல்ட் தேர்வுக்கான பாடத்திட்டத்தை உங்கள் சொற்களில் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளியின் பெயருக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்குச் சங்கடமான பதில். அது யாருக்குச் சொந்தம் என்பது, பள்ளி எந்த வடிவில் நடந்தது என்பதைப் பொறுத்தது. யார் அதிக நாள் வகுப்பெடுத்தார் என்பது அந்தக் கேள்விக்கே வராது. கட்டணம் யார் கணக்கில் விழுந்தது? வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? ரசீதுப் புத்தகத்தில் என்ன அச்சடித்திருக்கிறது? இந்த மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எல்லாம் மாஸ்டரின் தனிப்பட்ட பெயரில் இருந்தால், பெயருக்குச் சேர்ந்த நன்மதிப்பும் அவர் சொத்து. உயில் இல்லாமல் போயிருந்தால் வாரிசுகளுக்குப் போகும். அவர் இந்து என்றால் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாயார் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள். மகன் தனியாகக் கையெழுத்திட்டு 'எல்லாம் எனக்கே' என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தால், மற்ற வாரிசுகள் எங்கே என்று உங்கள் பதில் கேட்கலாம். கேட்டுப் பயன் உண்டா என்றால், கொஞ்சம்தான். மாஸ்டரின் அம்மாவும் மகளும் உங்கள் பக்கம் நின்றாலும் பெயர் உங்களுக்கு வந்துவிடாது. குடும்பத்துக்குள் புகுந்து ஆள் சேர்க்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். பேசித் தீர்க்க இருக்கும் ஒரே கதவையும் அது அடைத்துவிடும்.

சங்கமாகப் பதிவாகியிருந்தால் நிலைமை தலைகீழ். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் பெயர் சங்கத்துக்கே சொந்தம். தலைவர் பதவி அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்காது. பொதுக்குழு கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகிகள் மாற்றத்தைப் படிவம் 7-இல் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல்களுக்கு மனு போடுங்கள்: சங்க அமைப்பு விதிகள், கடைசியாகத் தாக்கலான படிவம் 7, உறுப்பினர் பட்டியல். கராத்தே சங்கங்கள் பலவற்றில் தொடங்கிய வருடத்தோடு ஆண்டுத் தாக்கல் நின்றுபோயிருக்கும். சர்டிபிகேட்டில் மட்டும் பதிவு எண் பளிச்சென்று இருக்கும். அப்படி நின்றுபோன சங்கத்தை வைத்துக்கொண்டு நீங்களும் மகனும் ஆளுக்கொரு படிவம் 7 கொடுத்தால், பதிவாளர் விசாரிப்பார். ஆனால் எது உண்மையான நிர்வாகம் என்று தீர்த்துவைக்கும் அதிகாரம் அவருக்கில்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார். அங்கே போனால் எத்தனை வருடம் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்களிடம் உள்ள 140 பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி முடித்துவிடுவார்கள்.

அறக்கட்டளை என்றால் பத்திரத்தைப் படித்தால் போதும். அடுத்த அறங்காவலர் யார் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எந்த வடிவமானாலும் என் கருத்து: மாஸ்டரின் சொந்தப் பெயரைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊரில் மகனுடைய இனிஷியலே அப்பாவின் பெயர்தான். அந்தப் பெயரில் அவர் ஒரு பள்ளி நடத்துவதை எந்த நீதிமன்றமும் எளிதில் தடுக்காது. ஒரே ஊரில் அதே பெயரில் நீங்களும் நடத்தினால், 'என் சேவையை அவர் சேவை என்று காட்டி ஏமாற்றுகிறார்' என்ற வழக்குக்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆகும். அந்தப் பெயரை நீங்கள் பதிவு செய்ய முயல்வது அதைவிடத் தவறு. இறந்து இருபது ஆண்டு ஆகாத ஒருவரோடு தொடர்பு காட்டும் பெயரைப் பதியக் கேட்டால், அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளின் சம்மதத்தைக் கேட்கப் பதிவாளருக்கு 14-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சம்மதம் கேட்டு நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.

'அப்படியானால் இருபத்திரண்டு வருடம் வீணா?' என்று நினைப்பீர்கள். வழி வேறு, வாரிசு வேறு. மாஸ்டருக்குப் பின் பள்ளியின் பொறுப்பு யாருக்கு என்பது வாரிசு. அதைத் தாளும் சட்டமும் தீர்மானிக்கும். யாரிடம் கற்றோம் என்பது வழி. அது நடந்து முடிந்த உண்மை, நோட்டீஸால் கலைக்க முடியாது. மாஸ்டரிடம் கற்ற நூறு பேருக்கும் அந்த வழி உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் கராத்தே உலகின் பெரிய சண்டைகள் எல்லாம் நடந்திருக்கின்றன.

மியாகியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரிசாக வருவார் என்று கருதப்பட்ட ஷின்சாட்டோ 1945 ஒகினாவாப் போரில் இறந்துபோனார். 1953 அக்டோபரில் மியாகி இறந்தபோது, இவர்தான் என்று எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை. மியாகி வீட்டுத் தோட்டத்து டோஜோவில் (பயிற்சிக் கூடத்தில்) தொடர்ந்து சொல்லிக்கொடுத்தவர் மியாசாட்டோ எய்இச்சி. மியாகியின் உடையையும் பெல்ட்டையும் பின்னாளில் அவர் குடும்பத்தார் கொடுத்தது யாகி மெய்டோகுவிடம். ஹிகாவோன்னாவிடமே கற்றுப் பிறகு மியாகியிடம் தொடர்ந்தவர் ஹிகா செய்கோ. ஜப்பானின் மையத் தீவில் பெரிய அமைப்பு கட்டியவர் யாமாகுச்சி கோகென். ஒவ்வொருவரிடமும் ஒரு சான்று இருக்கிறது. எந்தச் சான்றும் மற்றவருடையதைப் பொய்யாக்கவில்லை. காலப்போக்கில் வந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள்: மியாசாட்டோவுடையது ஜுன்டோகான், யாகியுடையது மெய்புகான், டோகுச்சி செய்கிச்சியுடையது ஷோரெய்கான், யாமாகுச்சியுடையது கோஜு-காய். கூடத்தின் பெயர் ஆளுக்கு ஒன்று. கோஜு-ரியூ எல்லாருக்கும் பொது. நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான்.

வாரிசுச் சண்டை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு கியோகுஷின் என்ற கராத்தே வகை ஓர் உதாரணம். அதைத் தொடங்கிய ஓயாமா மசுடாட்சு 1994 ஏப்ரல் 26-இல் இறந்தார். மருத்துவமனையில் அவசரமாகச் சொல்லி எழுதப்பட்ட உயிலில் மட்சுயி ஷோகெய்யை அடுத்த தலைவராக்கியதாக இருந்தது. குடும்பம் ஏற்கவில்லை. குடும்ப நீதிமன்றம் 1995-இல் அந்த உயிலை உறுதிசெய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1997-இலும் அதுவே நின்றது. அதற்குள் அமைப்பு பல துண்டாகி, எல்லாத் துண்டும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டன; பெயருக்கும் சின்னத்துக்கும் தனி வழக்குகள் ஓடின. ஒரு பெரிய பிரிவு 2003-இல் ஷின்கியோகுஷின்காய் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 'ஷின்' என்ற ஓர் எழுத்துதான் கூடுதல். அந்த ஓர் எழுத்து பத்து வருடச் செலவை நிறுத்தியிருக்கும், முதலிலேயே வைத்திருந்தால்.

ஜேகேஏ என்ற ஜப்பான் கராத்தே சங்கமும் அப்படித்தான். 1987-இல் தலைமை ஆசிரியர் நகயாமா மசடோஷி இறந்த பிறகு இரண்டு அணிகள் ஒரே பெயரில் இயங்கின. 1999-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் ஓர் அணிக்குச் சாதகமாக முடித்தது. தோற்ற அணியின் அசாய் டெட்சுஹிகோ சாதாரண ஆள் இல்லை. ஜேகேஏவின் சாம்பியனாகவே இருந்தவர். பெயரை அவர் விட வேண்டியிருந்தது, புதிய பெயரில் அமைப்பைத் தொடங்கினார், அவரிடம் கற்றவர்கள் அவரோடு போனார்கள். கட்டாவின் தரத்தை நீதிமன்றம் அளக்காது. உங்கள் வழக்கிலும் அப்படித்தான் இருக்கும்.

பெல்ட். மாஸ்டர் கையெழுத்திட்டுக் கொடுத்தவை அனைத்தும் அப்படியே நிற்கும். மகனோ வேறு யாருமோ அதை ரத்து செய்ய முடியாது. அவர் மறைவுக்குப் பிறகு நீங்கள் கொடுத்தவைதான் சிக்கல். அந்த சர்டிபிகேட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். பழைய பள்ளியின் பெயர், சங்கப் பதிவு எண், மாஸ்டரின் ஸ்கேன் செய்த கையெழுத்து இந்த மூன்றில் எதுவாவது இருக்கிறதா? கையெழுத்து இருந்தால் அது மிகப் பெரிய தவறு. இறந்தவர் தேர்வு வைத்து ஒப்பமிட்டதாக ஒரு ஆவணம் உருவாக்கியிருக்கிறீர்கள். உரிமையியல் சண்டை குற்றவியல் சண்டையாக மாறுவது இந்த வாசல் வழியாகத்தான். அத்தகைய சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதிய பெயரில், உங்கள் கையெழுத்தில், கட்டணம் வாங்காமல் மாற்றிக்கொடுங்கள். தேர்வு நடந்த உண்மையான தேதியைப் போடுங்கள். மாற்றிக்கொடுத்த தேதியைக் கீழே தனியாகப் போடுங்கள். யார் யாருக்கு மாற்றினீர்கள் என்று வரிசை எண்ணோடு ஒரு பதிவேடு இருக்கட்டும். மாணவரின் திறமையை நீங்கள் சோதித்தது உண்மை. ஆகவே பெல்ட்டுக்குப் பழுதில்லை, தாளுக்குத்தான் பழுது.

நான்காம் டான் வரை நீங்களே வந்திருப்பதால் முதல் டான், இரண்டாம் டான் கொடுக்கத் தகுதி உண்டா என்று பெற்றோர் கேட்கலாம். அமைப்புக்கு அமைப்பு விதி வேறு. உங்களுக்கு மேல் இருவரையாவது தேர்வுக்குழுவில் அழைத்து, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி பிளாக் பெல்ட் கொடுத்தால் எவரும் வாய் திறக்க முடியாது. வேலைக்கும் கல்லூரிக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா கேட்பவர்களிடம் மட்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அங்கே செல்லுவது அரசு ஏற்கும் போட்டிகளில் பெற்ற சான்று; டோஜோ கொடுக்கும் பெல்ட் சர்டிபிகேட்டை, எந்த மாஸ்டர் வழி என்றாலும், அதற்காக வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

உங்கள் சீனியருடைய ஒகினாவா உறுப்பினர் பதவி. அதைக் குறைத்துப் பேசாதீர்கள், பயப்படவும் வேண்டாம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம். வெறும் உறுப்பினரா, 'ஷிபு' என்று சொல்லும் கிளை டோஜோவா, மாநிலப் பிரதிநிதியா? எத்தனை வருடத்துக்கு? அந்த ஒரு அமைப்பின் பெயரையும் பேட்ஜையும் பயன்படுத்தவும், அதன் டான் பதிவுகளைப் பெறவும் அது உரிமை தருகிறது. கோஜு-ரியூ முழுவதற்கும் அத்தாட்சி தரும் ஒரே அலுவலகம் ஒகினாவாவில் இல்லை; மேலே சொன்ன நான்கு கூடங்களே அதற்குச் சாட்சி.

அவர் 'உங்கள் சாஞ்சின் தவறு, அங்கே திரும்பித் திரும்பிச் செய்கிறார்கள்' என்றும் சொல்லக்கூடும். ஹிகாவோன்னா வழிச் சாஞ்சினில் திரும்புதல் உண்டு. மியாகி அமைத்த சாஞ்சினில் திரும்பாமல் முன்னே போய்ப் பின்னே வருவார்கள். இரண்டையும் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. ஒரு கட்டா வித்தியாசத்தை வைத்துப் போலி, அசல் என்று தீர்ப்பு எழுதுவது, ஒரே பாட்டியிடம் சமைக்கக் கற்ற அக்காவும் தங்கையும் குழம்பில் புளி அளவுக்குச் சண்டை போடுவது மாதிரி.

ஆகவே உங்கள் வழியை நீங்கள் எழுதிவையுங்கள். ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வரியிலும் யார், யாரிடம், எங்கே, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை. வலப்பக்கத்தில் அதற்கான சான்று. டான் சர்டிபிகேட், கட்டண ரசீது, தேதி தெரியும் போட்டோ, போட்டி நுழைவுப் படிவத்தில் பயிற்சியாளர் பெயர் எழுதிய இடம் எல்லாம் சான்றுதான். மாஸ்டர் நடுவில் ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் அதையும் வருடத்தோடு போடுங்கள். மறைத்தால் அதைக் கண்டுபிடிப்பவர் உங்கள் எதிராளியாகத்தான் இருப்பார். இடையில் ஒரு கண்ணி தெரியாவிட்டால் கோடு போட்டு இணைக்காதீர்கள், இடம் விட்டுவிடுங்கள். மூன்று நாள் செமினாரில் கற்றுக்கொண்டதை 'செமினார்' என்றே எழுத வேண்டும். ஒகினாவா மாஸ்டரோடு எடுத்த போட்டோ குரு வழி ஆகாது. கணக்கையும் சரிபாருங்கள்: மியாகி இறந்தது 1953. அவரிடம் நேரடியாகக் கற்றதாக உங்கள் வரிசையில் ஒருவர் இருந்தால், அவர் எந்த வருடம் பிறந்தார் என்று பாருங்கள். 1945-இல் பிறந்தவரை மியாகியின் மாணவர் என்று போட்டிருக்கும் வரைபடம் ஒன்று உங்கள் சுவரில் தொங்கினால், நீங்களே கழற்றிவிடுங்கள்.

போர்டிலும் துண்டுப் பிரசுரத்திலும் உங்களைப் பற்றி எழுத ஒரு மாதிரி: 'கோஜு-ரியூ நான்காம் டான், காலஞ்சென்ற மாஸ்டர் இன்னாரிடம் இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை பயின்றவர்.' அவ்வளவுதான். வாரிசு, தலைமைச் சீடர், அதிகாரபூர்வப் பிரதிநிதி என்ற சொற்கள் வேண்டாம். இவற்றில் ஒன்று போதும் மகனுடைய வக்கீலுக்கு. மாஸ்டரின் படம் டோஜோவுக்குள் மாலையோடு இருக்கட்டும், துண்டுப் பிரசுரத்தில் வேண்டாம்.

புதிய கூடத்துக்குப் பெயர் வைக்கும்போது முன்பாதி முற்றிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பின்பாதியில் கோஜு-ரியூ வரலாம். தெரு, மலை, ஆறு என்று எதையாவது எடுங்கள், தமிழ்ச் சொல்லே இருக்கட்டும். அகராதியைப் புரட்டி ஜப்பானியச் சொல் ஒன்றைப் பிடித்தால் ஏற்கெனவே ஒகினாவாவில் இருக்கும் கூடத்தின் பெயரில் போய் முட்டிக்கொள்வீர்கள். 'இந்தியா', 'தேசிய' என்ற சொற்களைத் தவிருங்கள். அரசு ஆதரவு இருப்பதாகக் காட்டும் பெயர்களுக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடையாக இருக்கிறது. பெயர் முடிவானதும் டிஎம்-ஏ படிவத்தில் 41-ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு இணையவழியில் 4,500 ரூபாய். கிடைத்தால் பத்தாண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான். முன்னாலேயே போட்டால் சட்டப்படி தவறு.

நீங்களே முந்திக்கொண்டு வழக்குப் போடும் யோசனையை விடுங்கள். பெயரை விட்டுவிட்ட பிறகு எதைக் கேட்டு வழக்குப் போடுவீர்கள்? மகன் போட்டால், இது வணிக நீதிமன்றத்துக்குப் போகும் வகை. அவசரத் தடை கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த மேசையில் உங்களுக்கு வேண்டியதை இப்போதே எழுதிவையுங்கள்: புதிய பெயருக்கு மாற 90 நாள் அவகாசம், மாஸ்டரின் மாணவர் என்று சொல்வதற்கு எதிர்ப்பில்லை என்று ஒரு வரி, இரு பக்கமும் மற்றவருடைய பெல்ட்டைப் போலி என்று பேசாதிருத்தல். பதிலாக நீங்கள் தருவது பழைய பெயர், பழைய சின்னம், மீதமுள்ள சர்டிபிகேட் தாள்கள்.

நோட்டீஸுக்கான பதிலும் இதே வரிசையில் அரைப் பக்கத்தில் முடியட்டும். பள்ளியின் பெயரை இன்ன தேதி முதல் பயன்படுத்த மாட்டேன், இது உரிமையை ஒப்புக்கொண்டதாகாது. கோஜு-ரியூ பொதுப் பெயர், தொடர்ந்து பயன்படுத்துவேன். மாஸ்டரிடம் கற்றது உண்மை, சொல்வேன். சர்டிபிகேட்டுகள் புதிய பெயரில் மாற்றித் தரப்படுகின்றன. மகனின் கராத்தே பற்றி, அவர் எத்தனை நாள் வகுப்புக்கு வந்தார் என்பது பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில், ஒப்படைத்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். நோட்டீஸ் வந்த கவரையும் பத்திரமாக வையுங்கள். கெடுவைக் கணக்கிட அதிலுள்ள தபால் முத்திரைத் தேதி வேண்டியிருக்கும்.